காற்றாலை மின்சாரமும் நம் கணக்கும்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தாருக்கான கேள்வி பதில்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோருக்கும் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இந்தப் பக்கம். காற்றாலைகள் நிற்பது தென்காசியிலும் உடுமலையிலும். ஆனால் அந்த மின்சாரத்தால் உங்களுக்கு லாபமா நட்டமா என்பது இங்குள்ள மீட்டரிலும் நீங்கள் கையெழுத்துப் போடும் தாளிலும்தான் முடிவாகிறது. "என்று வைத்துக்கொள்வோம்" என்று வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக. அந்த இடத்தில் உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டங்களில் ஏன் பெரிய காற்றாலைத் தொகுப்புகள் இல்லை?

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. மலையில் இடைவெளி உள்ள இடங்களில் அது குழாயில் பாய்வதுபோல் வேகமெடுத்து வெளியே வருகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பெரும்பாலும் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களின் வாயிலில் இருப்பது அதனால்தான். நமக்கு மேற்கே அப்படி ஒரு கணவாய் இல்லை. கர்நாடக மேட்டுநிலம்தான் இருக்கிறது.

வேகத்தில் சிறிய வித்தியாசம் வருமானத்தில் பெரிய வித்தியாசமாகிவிடும். காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். நொடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தைவிட 6 மீட்டர் வீசும் இடத்தில் காற்றில் உள்ள திறன் 73 சதவீதம் அதிகம். ஓசூர் பகுதிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் மின்சாரம் அந்த அளவு குறையும்.

இங்கே ஆலையே இல்லாதபோது நமக்கு என்ன தொடர்பு?

முதன்மையான தொடர்பு கரண்ட் பில். திருநெல்வேலியில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியக் கம்பி வழியாக ஓசூரில் உள்ள தொழிற்சாலைக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இதைத்தான் வீலிங் என்கிறார்கள். அடுத்தது உதிரிபாக வேலை, அதன்பின் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கான வேலை. தொப்பூர் கணவாய் வழியே றெக்கை ஏற்றி ஊர்ந்து போகும் நீண்ட டிரெய்லர்களால் சாலையோரக் கடைகளுக்குக் கொஞ்சம் வியாபாரம் நடக்கலாம். அதைப் பெரிய பலனாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

காற்றாலை யூனிட் என் பில்லில் எப்படிக் கழிகிறது?

காற்றாலையிலும் உங்கள் எச்.டி. (உயர் அழுத்த மின்) சர்வீஸிலும் நேரவாரியாகப் பதியும் மீட்டர்கள் இருக்கும். காலை, மாலை பீக் நேரம், சாதாரண நேரம், இரவு என ஒரு நாள் பல ஸ்லாட்டுகளாகப் பிரிகிறது. மாத முடிவில் ஆலையின் ஒவ்வொரு ஸ்லாட் உற்பத்தியிலும் கம்பி இழப்பைக் கழித்து, மீதியை உங்கள் அதே ஸ்லாட் நுகர்வுக்கு ஈடுகட்டுவார்கள். பீக் நேர மிச்சத்தைச் சாதாரண நேரத்துக்குப் பயன்படுத்தலாம். இரவு நேர மிச்சத்தை பீக் நேரத்துக்கு ஏற்ற முடியாது.

ஒரே ஷிப்ட் ஓட்டும் பட்டறைகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "மாதம் 40,000 யூனிட் வருகிறது, 40,000 செலவாகிறது" என்று மொத்தத்தை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் ஆலை ஓடுவதில் கணிசமான பகுதி பட்டறை பூட்டியிருக்கும் மாலையிலும் இரவிலும் நடக்கும். ஆலையின் ஸ்லாட்வாரி உற்பத்தித் தாளை, முழு ஓராண்டுக்கு, வாங்கிப் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, காற்றாலையால் குறைவது யூனிட் கட்டணம் மட்டும். டிமாண்ட் சார்ஜ் (உங்கள் மின்பளுவுக்காக மாதந்தோறும் கட்டுவது) அப்படியே இருக்கும்.

ஒரு யூனிட்டுக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம்?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ஆலை வாசலில் உள்ள விலை. உங்களுக்கு வேண்டியது உங்கள் மீட்டரில் வந்து சேரும் விலை. மின்வாரிய யூனிட் ரூ. 7.25, ஆலை வாசல் விலை ரூ. 4.50, வழி இழப்பு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட்டுக்கு ரூ. 450 கொடுக்கிறீர்கள், வந்து சேர்வது 90. எனவே விலை ரூ. 5.00 ஆகிவிட்டது. அதன்மேல் மின் கடத்தல், வீலிங், அட்டவணையிடல், பேங்கிங் (மிச்ச யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்துப் பின்னால் எடுப்பது) கட்டணங்கள், வரி எல்லாம் சேர்ந்து 75 காசு என்றால் ரூ. 5.75. மிச்சம் ஒன்றரை ரூபாய். ஆண்டுக்கு 8 லட்சம் யூனிட் வந்து சேர்ந்தால் 12 லட்சம் ரூபாய்.

விற்க வருபவர் 7.25-இலிருந்து 4.50-ஐக் கழித்து 2.75 மிச்சம் என்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒன்றேகால் ரூபாயை யார் சுமப்பது, பின்னால் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை உயர்த்தினால் அது யார் தலையில் என்பதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது வாங்குபவர் தலையில்தான் விழும். நிலையான விலைக்கு 15 ஆண்டு கையெழுத்திடும்போது இதை லேசாக விடக் கூடாது.

குரூப் கேப்டிவ் என்கிறார்களே, 26, 51 என்ற எண்கள் என்ன?

மற்றவர் ஆலையிலிருந்து மின்சாரம் வாங்கினால் மின்வாரியத்துக்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மற்ற நுகர்வோருக்குத் தரும் மானியத்தை ஈடுகட்ட வசூலிப்பது) கட்ட வேண்டும். சொந்த ஆலை என்றால் அது கிடையாது. பல நிறுவனங்கள் கூட்டாக ஒரு ஆலையில் பங்கு வாங்கி "சொந்த ஆலை" என்ற தகுதி பெறுவதே குரூப் கேப்டிவ். 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3-ஆம் விதி இரண்டு நிபந்தனை வைக்கிறது. நுகர்வோர் அனைவரும் சேர்ந்து வாக்குரிமையுள்ள பங்கில் குறைந்தது 26 சதவீதம் வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் பலரைக் கவிழ்க்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏற்ற அளவில் பயன்படுத்த வேண்டும். பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். தனியாக ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் ஆலை வைத்தால் இந்த விகிதம் பொருந்தாது என்று வெகுகாலம் வாதாடினார்கள். பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது.

கணக்கு இப்படி. ஆலை ஆண்டுக்கு 1 கோடி யூனிட் தருகிறது. அதில் 51 லட்சம் கேப்டிவ் அளவு. நுகர்வோரின் 26 சதவீதப் பங்கில் பத்தில் ஒரு பகுதி, அதாவது 2.6 சதவீதம், உங்களுடையது. நீங்கள் பயன்படுத்த வேண்டியது 5.1 லட்சம் யூனிட். பத்து சதவீத இடம்விட்டால் 4.59 லட்சம் முதல் 5.61 லட்சம் வரை.

தவறினால்? அந்த ஆண்டு முழுவதற்கும் கூடுதல் கட்டணம் வரும். யூனிட்டுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 8 லட்சம் யூனிட்டுக்கு 16 லட்சம் ரூபாய். மிச்சம் பிடித்த 12 லட்சமும் போய், கையிலிருந்து இன்னும் 4 லட்சம் கட்ட வேண்டும். நீங்கள் சரியாக இருந்து கூட்டாளி ஒருவர் தம் தொழிற்சாலையை மூடிவிட்டாலும் மொத்த 51 சதவீதம் தவறக்கூடும். ஆகவே கூட்டாளிகள் யார், அவர்கள் நுகர்வு எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை. "ஒருவர் தவறினால் நட்டத்தை அவரே ஏற்பார்" என்ற விதி பங்குதாரர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். டிசம்பர் மாதத்திலேயே ஏப்ரல் முதலான ஒன்பது மாத நுகர்வைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். மார்ச்சில் பார்த்தால் பங்கை மாற்றி அமைக்க நேரம் இருக்காது.

மாங்கூழ் ஆலைக்குக் காற்றாலை பொருந்துமா? ஓசூர் மெஷின் ஷாப்புக்கு?

இரண்டும் வெவ்வேறு கதை. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நல்வாய்ப்பு என்று நாங்கள் நினைப்பது இந்தப் பருவப் பொருத்தத்தைத்தான். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் வருகிறது. மாங்கூழ் ஆலைகள் அல்போன்சாவில் தொடங்கி பெங்களூரா முடியும்வரை முழு வேகத்தில் ஓடுவதும் மே, ஜூன், ஜூலைதான். கூழ் பிழியும் இயந்திரம், பம்பு, சில்லர் எல்லாம் இரவு பகலாக ஓடும்போது ஆடிக்காற்றும் இரவு பகலாக வீசுகிறது. எந்தச் சேமிப்பு ஏற்பாடும் இல்லாமலே நுகர்வும் உற்பத்தியும் சேர்ந்துவிடும்.

இதில் உள்ள ஆபத்து மாமரம். காய்ப்பு குறைந்த ஆண்டில் கூழ் ஆலை பாதி நாள்தான் ஓடும். நுகர்வு விழுந்தால் முன்பு சொன்ன விகிதமும் விழும். அதனால் நல்ல ஆண்டின் நுகர்வை வைத்துப் பங்கு வாங்காதீர்கள். கடந்த ஐந்தாண்டில் மிக மோசமான ஆண்டு எதுவோ அதை அளவாக வையுங்கள்.

மெஷின் ஷாப்புக்குக் கணக்கு வேறு. மாதம் 50,000 யூனிட் சீராகச் செலவாகிறது, ஆண்டுக்கு 6 லட்சம். "அப்படியானால் 5 லட்சம் யூனிட் காற்றாலை எடுங்கள்" என்பார்கள். அதில் 70 சதவீதம், அதாவது 3.5 லட்சம், ஐந்து மாதத்தில் வந்தால் மாதம் 70,000. உங்களுக்கு வேண்டியது 50,000. மாதம் 20,000 வீதம் 1 லட்சம் யூனிட் மீதி. மீதமுள்ள ஏழு மாதத்தில் மாதம் 21,000 சொச்சம்தான் வரும்.

அந்த 1 லட்சம் யூனிட் என்னவாகும் என்பது பேங்கிங்கைப் பொறுத்தது. பேங்கிங் உரிமை ஆலை எப்போது இயங்கத் தொடங்கியது என்பதை ஒட்டி மாறும். பழைய ஆலைகளுக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை யூனிட்டை வைத்து எடுக்கும் வசதி இருந்து வந்தது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பசுமைத் திறந்தவெளி அணுகல் (மின்வாரியக் கம்பி வழியே வேறிடத்துப் பசுமை மின்சாரம் பெறும் உரிமை) விதி உறுதியளிப்பது மாதக் கணக்கு அளவிலான பேங்கிங்கைத்தான். ஓராண்டுக் கணக்கு என்றால் ஜூலை மிச்சம் டிசம்பரில் உதவும். மாதக் கணக்கு என்றால் அது கையைவிட்டுப் போகும். ஆகவே மெஷின் ஷாப்புகளுக்கு எங்கள் பரிந்துரை, ஜூலை மாதத்தை வைத்து அளவெடுங்கள் என்பதே. ஜூலையில் வரும் யூனிட் உங்கள் ஜூலை நுகர்வைத் தாண்டாத அளவுக்கு மட்டும் பங்கு எடுங்கள். மேலே சொன்ன பட்டறைக்கு அது 5 லட்சம் இல்லை, 3.5 லட்சம் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு.

சூரிய மின்சாரமே போதாதா?

பகல் ஷிப்ட் மட்டும் ஓட்டுபவர்களுக்குக் கூரை மேல் சூரியத் தகடுதான் முதல் தேர்வு. வீலிங் கட்டணமும் வழி இழப்பும் அதில் கிடையாது. இரவு ஷிப்ட் இருந்தால், கூரை நிரம்பிய பிறகு மீதிக்குக் காற்றாலையைப் பாருங்கள். மழை மேகம் மூடிச் சூரிய உற்பத்தி குறையும் ஜூலையில் காற்று நன்றாக இருக்கும்.

எச்.டி. சர்வீஸ் இல்லாத சிறு பட்டறை சேர முடியுமா?

2022 விதிப்படி 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் ஒப்பந்த மின்பளு உள்ளவர்கள் பசுமை மின்சாரத்துக்குத் திறந்தவெளி அணுகல் கேட்கலாம். கேப்டிவ் நுகர்வோருக்கு இந்தக் கீழ்வரம்பும் இல்லை. ஆனால் மீட்டர் மாற்றும் செலவு, மாதாந்தரக் கணக்கு வேலை இவற்றைப் பார்க்கும்போது 10,000, 15,000 யூனிட் நுகர்வுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

ஆடி மாதத்தில் ஆலையை நிறுத்தினோம் என்கிறார்கள், உண்மையா?

இருக்கலாம். காற்று உச்சத்தில் இருக்கும் நேரம் மாநிலத்தின் தேவை குறைந்தால், அல்லது அந்த வட்டாரத் துணைமின் நிலையமும் கம்பியும் தாங்காவிட்டால், உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். பேக்டவுன் என்பது இதுதான். ஆனால் எல்லா நிறுத்தத்தையும் பேக்டவுன் கணக்கில் எழுதிவிடும் பழக்கமும் உண்டு. கியர்பாக்ஸ் பேரிங் உடைந்தால் கிரேன் வரவே வாரக்கணக்கில் ஆகும், அந்த வாரங்கள் ஜூலையில் விழுந்தால் ஆண்டு வருமானத்தில் பெரிய ஓட்டை. ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டையும் பிரியுங்கள். கிரிட் (மின்தொகுப்பு) நிறுத்தம் இத்தனை மணி, இயந்திரக் கோளாறு இத்தனை மணி என்று மாதாந்தர அறிக்கை வேண்டும். இயந்திரம் தயார்நிலையில் இருந்த நேரம் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் இழப்பீடு வேண்டும். அந்தச் சதவீதத்தை ஆண்டுச் சராசரியாக ஏற்காதீர்கள். காற்றுப் பருவத்துக்குத் தனியாக எழுதுங்கள். பிப்ரவரியில் ஆலை தயாராக நின்று என்ன பயன்?

பழைய காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்கலாமா?

250 கிலோவாட் ஆலை சராசரியாகத் தன் முழுத் திறனில் 18 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 3.94 லட்சம் யூனிட் (250 × ஆண்டின் 8,760 மணி × 0.18). ஒரு நடுத்தரப் பட்டறைக்கு அளவான சரக்கு. முழுக்க உங்களுடையது என்பதால் பங்கு விகிதத் தொல்லையும் இல்லை. விலை மலிவாகக் கிடைப்பதன் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

முதலில் மூன்றாண்டு மாதாந்தர மீட்டர் அறிக்கை. உற்பத்தி ஆண்டுக்காண்டு சரிந்தால், அருகில் உயரமான புதிய ஆலை எழுந்து காற்றை மறிக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அதைப் பழுது பார்த்துச் சரிசெய்ய முடியாது. அடுத்து ரியாக்டிவ் மின்சாரக் கட்டணம். பழைய இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள் தங்கள் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் மின்சாரத்தைக் கிரிட்டிலிருந்து இழுக்கும். அதை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பேனல் பழுதானால் இழுவை உற்பத்தியின் பத்து சதவீதத்தைத் தாண்டும், தாண்டினால் கட்டணம் இரட்டிப்பு. பேனலைச் சீராக்குவது பெரிய செலவில்லை, எனவே இதை விலை குறைக்கும் வாதமாகப் பயன்படுத்துங்கள்.

கியர் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்புத் துகள் அளவு பேரிங்கின் நிலையைச் சொல்லிவிடும். றெக்கையின் அடிப்பகுதியில் விரிசல், முனையில் இடி தாக்கிய கருக்கல், கோபுர இணைப்பு போல்ட்டுகளின் இறுக்கம் ஆகியவற்றை ஏறிப் பார்க்க ஆள் வையுங்கள். நிலப்பட்டா ஆலை உரிமையாளர் பெயரில் இருக்கிறதா, மின்வாரிய ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறுமா, பெயர் மாறிய பின்னும் பேங்கிங் உரிமை தொடருமா என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம்.

வரிச்சலுகை இன்னும் உண்டா?

உண்டு, முன்புபோல் இல்லை. காற்றாலைக்கு வருமான வரிக் கணக்கில் 80 சதவீதமாக இருந்த முதலாண்டுத் தேய்மானம் 2017 ஏப்ரல் முதல் 40 ஆனது. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதிதான். அக்டோபருக்குப் பின் வாங்கச் சொல்லி அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள். குரூப் கேப்டிவில் நீங்கள் வாங்குவது பங்கு. தேய்மானம் ஆலைக் கம்பெனியின் கணக்கில் போகும், உங்கள் கணக்கில் வராது. இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 2021 அக்டோபரில் 12 சதவீதமாக உயர்ந்து, 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 5 ஆகியிருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்புள்ளியைக் காட்டினால் புதிதாகக் கேளுங்கள்.

காற்றாலை வைக்க எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு தரகர் வருகிறார். கொடுக்கலாமா?

அவரிடம் முதல் கேள்வி, காற்றை எங்கே அளந்தீர்கள்? உண்மையான திட்டம் என்றால் அந்த வட்டாரத்தில் உயரமான அளவைக் கோபுரம் நட்டு குறைந்தது ஓராண்டுத் தரவு எடுத்திருப்பார்கள். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அப்படி ஒரு கோபுரத்தையே காட்ட முடியாதவர் பதிவுச் செலவு, சர்வே செலவு என்று உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நிலம் தருபவர் பணம் கட்ட எந்தக் காரணமும் இல்லை.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்படி குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொதுச் சாலையிலிருந்து, கோபுர உயரத்தோடு றெக்கை வட்டத்தின் பாதியையும் 5 மீட்டரையும் கூட்டிய தூரம். 120 மீட்டர் கோபுரம், 130 மீட்டர் வட்டம் என்றால் 190 மீட்டர். வீடுகள் நெருங்கிய நம் ஊர்ப்புறக் கொல்லைகள் பலவும் இதிலேயே கழிந்துவிடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காவேரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்களும் யானை நடமாட்டமும் இருப்பதால் அனுமதி எளிதல்ல. எளிதாக இருக்கவும் கூடாது.

எல்லாம் சரியாக இருந்து கையெழுத்திடும் நிலை வந்தால், குத்தகை ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும், வேலை தொடங்காவிட்டால் எத்தனை மாதத்தில் ஒப்பந்தம் தானாக ரத்தாகும், நிலத்தை வங்கியில் அடகு வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒரு பெரிய ஆலையின் அடித்தளத்துக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் மண்ணுக்குள் போகிறது. 25 ஆண்டு கழித்து அதை எடுத்து நிலத்தை உழக்கூடிய நிலையில் திருப்பித் தருவது யார் பொறுப்பு, அதற்கு வைப்புத்தொகை எங்கே என்று எழுதாத ஒப்பந்தம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கடன்.

ஓசூர் பட்டறைகள் காற்றாலை உதிரிபாக ஆர்டர் எடுக்க என்ன வேண்டும்?

கோபுரத்துக்குள் வரும் ஏணி, மேடை, கேபிள் தாங்கிகள் ஆகியவை எளிய தொடக்கம். வெல்டர் தகுதிச் சான்றும் சீரான கால்வனைசிங்கும் இருந்தால் போதும். ஹப் (றெக்கைகள் வந்து சேரும் நடுப்பகுதி) போன்ற பெரிய வார்ப்புகளுக்கு மைனஸ் 20 டிகிரியில் தாக்குச் சோதனையில் தேறும் எஸ்.ஜி. இரும்பு (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) கேட்பார்கள். அதைச் செய்ய வார்ப்பாலைத் துணை வேண்டும். இணைப்பு போல்ட்டுகள் 10.9 தரம். இதில் அடிக்கடி வரும் நிராகரிப்பு, அமிலக் கழுவலின்போது புகும் ஹைட்ரஜனால் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவது. இறுக்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தெறிக்கும். அமிலத்தைத் தவிர்த்து மணல் வீச்சில் சுத்தம் செய்து துத்தநாகச் செதில் பூச்சு கொடுப்பது பாதுகாப்பான வழி.

ஒரே ஒரு காற்றாலை நிறுவனத்துக்காக இயந்திரம் வாங்கிப் போடாதீர்கள். 2017-இல் நிலையான கொள்முதல் விலையிலிருந்து ஏலத்துக்கு நாடு மாறியது. பிப்ரவரி ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய், டிசம்பரில் 2.43. அந்த வீழ்ச்சியில் ஆர்டர்கள் வற்றி உதிரிபாகப் பட்டறைகள்தான் முதலில் அடிவாங்கின.

பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஐ.டி.ஐ., எலெக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்களுக்குப் பராமரிப்பு வேலை உண்டு. கட்டுமான வேலை சில மாதத்தில் முடிந்துவிடும், பராமரிப்பு 20, 25 ஆண்டு தொடரும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் "வாயுமித்ரா" என்ற பெயரில் பயிற்சி நடத்துகிறது. 80 முதல் 120 மீட்டர் ஏணி ஏறும் உடல்நிலையும் உயரத்துக்கு அஞ்சாத மனமும் வேண்டும். முழு உடல் பாதுகாப்புப் பட்டை, மீட்புப் பயிற்சி இல்லாமல் ஏறச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர விடாதீர்கள், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் சரி. ஊரைவிட்டுத் தென்மாவட்டத்தில் தங்க வேண்டியிருக்கும். பெரிய பராமரிப்பெல்லாம் காற்று ஓய்ந்த மாதங்களில் நடப்பதால் பொங்கல் விடுப்பு கிடைப்பது கடினம், பருவம் தொடங்கிவிட்டால் அவசரக் கோளாறுகள் விடாது.